எழுத்தைப் படிக்காமல் டோக்கியோவைத் தேதிவாரியாக அடுக்கியது

ஜப்பானிய மொழியில் என் பெயரைக்கூட எனக்கு எழுதத் தெரியாது. அந்த நாட்டின் நவீன வரலாற்றில் ஆர்வம் உண்டு. ஆங்கிலத்தில் கிடைப்பதை ஓரளவு படித்திருக்கிறேன். அப்படிப் படிக்கும் நூல்களில் படங்கள் ஓரமாகத்தான் வரும். நாலு விரல் அகலத்தில் ஒரு படம், கீழே ‘மெய்ஜி காலத்து டோக்கியோ’ என்று ஒரு வரி. மெய்ஜி காலம் என்பது 1868 முதல் 1912 வரை. அதில் எந்த ஆண்டு, யார் எடுத்த படம், யாருக்கு விற்றது என்று ஒன்றும் இருக்காது. சரி, படங்களை முன்னால் வைத்து, எழுத்தைப் பின்னால் தள்ளி, 1850-கள் முதல் 1923 நிலநடுக்கம் வரையான டோக்கியோவை ஓர் அட்டவணையாக அடுக்கிப் பார்ப்போம் என்று இறங்கினேன். அந்த வேலையின் பதிவு இது.

நகரம் முழுவதும் என்றால் கதை முடியாது. அதனால் மூன்று இடங்களோடு நிறுத்திக்கொண்டேன்: ஷிம்பாஷியிலிருந்து யோகோஹாமா போகும் ரயில் பாதை, கின்ஸா கடைத்தெரு, அசகுசா கேளிக்கைப் பகுதி. மூன்றையும் அந்தக் காலத்தில் சலிக்காமல் வரைந்திருக்கிறார்கள், படம் எடுத்திருக்கிறார்கள்.

சாமான்கள் அதிகம் இல்லை. ஓர் எக்செல் தாள், படத்தைப் பெரிதாக்கி அளவெடுக்க ஒரு சாதாரண மென்பொருள், ஒரு பூதக்கண்ணாடி. பூதக்கண்ணாடி எதற்கென்றால், ஏலத் தளத்தில் பழைய பட அஞ்சலட்டைகள் கொஞ்சம் வாங்கினேன். நிலநடுக்க அட்டைகள் அந்தக் காலத்தில் ஏராளமாக அச்சானவை என்பதால் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. மற்றதெல்லாம் இணையத்தில் இலவசம். ஜான் டவரும் ஷிகெரு மியகாவாவும் 2002-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘விஷுவலைசிங் கல்ச்சர்ஸ்’ திட்டம் நல்ல தொடக்கம். கட்டுரைகளும் பெரிய அளவுப் படங்களும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் 1915-க்கு முந்தைய மரக்கட்டை அச்சுப்படங்கள், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஜப்பானிய அஞ்சலட்டைத் தொகுப்பு, நாகசாகி பல்கலைக்கழகத்தில் பழைய புகைப்படங்களின் தரவுத்தளம். ஜான் ரெசிக் உருவாக்கிய உகியோஎ (ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படம்) தேடுதளம் எனக்கு மிகவும் கைகொடுத்தது. கையில் இருக்கும் ஓர் அச்சுப்படத்தை அங்கே ஏற்றினால், அதே படம் வேறெந்த அருங்காட்சியகங்களில் இருக்கிறது என்று தேடிக் காட்டும். ஓவியர் பெயர் தெரியாத படத்துக்கு இப்படியே பெயர் கிடைத்துவிடும்.

எக்செல் தாளில் இரண்டு நெடுவரிசைகள்தான் உயிர்நாடி. ஒன்று ‘இதற்கு முன் இருக்க முடியாது’, மற்றொன்று ‘இதற்குப் பின் இருக்க முடியாது’. ஒரே தேதியை எழுத முயன்றால் ஊகம் நுழைந்துவிடும்; இரண்டு எல்லைகளைப் போட்டுவிட்டு ஒவ்வொரு தடயமாக இடைவெளியைக் குறுக்கிக்கொண்டே வருவது மேல். அதிலும் காட்சிக்கு ஒரு ஜோடி, அச்சான தாளுக்கு ஒரு ஜோடி என்று பிரித்தேன். 1905-இல் எடுத்த படத்தை 1920-இல் அச்சிட்டு விற்பது அன்று சர்வசாதாரணம்.

அட்டையின் முதுகு

அஞ்சலட்டையை வாங்கியதும் எல்லோரும் படத்தைப் பார்ப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது முகவரிப் பக்கம். ஒரு சொல்கூடப் படிக்காமல் அட்டையின் காலத்தைச் சொல்லிவிடலாம்.

தனியார் பட அஞ்சலட்டை அச்சிட ஜப்பான் அரசு அனுமதித்தது 1900 அக்டோபரில். தொடக்கத்தில் முகவரிப் பக்கத்தில் முகவரிதான் எழுத வேண்டும். கோடு எதுவும் இருக்காது. செய்தி எழுத நினைத்தவர்கள் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதினார்கள். 1907 முதல் கீழ் மூன்றில் ஒரு பங்கில் செய்தி எழுதலாம் என்று வந்ததும், அந்த இடத்தில் ஒரு கோடு வந்தது. 1918 முதல் பாதி அட்டை செய்திக்கு. கோடு நடுவுக்கு நகர்ந்தது. ஆக, கோடு இல்லையென்றால் 1900 முதல் 1907, மூன்றில் ஒன்றில் இருந்தால் 1907 முதல் 1918, நடுவில் இருந்தால் 1918-க்குப் பிறகு. ஸ்கேன் படமாக இருந்தால் அட்டையின் மொத்த நீளத்தையும் கோடு இருக்கும் இடத்தையும் பிக்சலில் அளந்து வகுத்தால் போதும்.

அடுத்த தடயம் தலைப்பு எழுத்துகள். அட்டையின் மேற்பக்கம் ஐந்து எழுத்துகள் இருக்கும். ‘அஞ்சலட்டை’ என்று பொருள், ‘யூபின் ஹகாகி’ என்று உச்சரிப்பு. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு இதை வலமிருந்து இடமாக அச்சிட்டார்கள். வலப்பக்கத்திலிருந்து நான்காவது எழுத்தைப் பாருங்கள். 1933 வரை அது வெறுமனே இருக்கும். அந்த ஆண்டிலிருந்து அதன் வலது தோளில் இரண்டு சின்னக் கீற்றுகள் வந்துவிட்டன. உச்சரிப்பு மாறவில்லை, நம் ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல் எழுதி, படிக்கும்போது வைத்துப் படித்ததுபோலத்தான் அவர்களும் அதுவரை செய்திருக்கிறார்கள். போருக்குப் பிறகு எழுத்து வரிசை இடமிருந்து வலமாக மாறியது. அதனால் ‘1923 பேரிடரின் அசல் அட்டை’ என்று விற்பவர் சொல்லும் அட்டையின் முதுகில் நடுக்கோடு இருக்க வேண்டும், இரண்டு கீற்றுகள் இருக்கக் கூடாது. கீற்று இருந்தால் அது பத்தாண்டு கழித்து அச்சிட்டது.

அருங்காட்சியகங்களின் மீது எனக்கு ஒரு குறை உண்டு. படப் பக்கத்தை மட்டும் அழகாக ஸ்கேன் செய்து போட்டுவிட்டு முதுகைப் போடாமல் விட்ட தொகுப்புகள் நிறைய. அப்படிப்பட்ட அட்டைகளுக்குக் கட்டடங்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

கட்டடங்களை வைத்துக் குறுக்குவது

கின்ஸா இதற்கு வசதியான தெரு. 1872 ஏப்ரலில் பெரிய தீ. அதன் பிறகு தாமஸ் வாட்டர்ஸ் என்ற பொறியாளரின் திட்டப்படி செங்கல் கட்டடங்கள் எழுந்தன. 1874-இல் எரிவாயு விளக்குக் கம்பங்கள். 1882-இல் குதிரை இழுக்கும் டிராம். 1903-இல் மின்சார டிராம். ஹத்தோரி கடிகாரக் கடையின் முதல் மணிக்கூண்டு 1894-இல் வந்து 1921-இல் இடிக்கப்பட்டது. இன்று நாற்சந்தியில் நிற்பது 1932-இல் வந்த இரண்டாவது கூண்டு. தெருவோரத்து வில்லோ மரங்களை 1921-இல் பிடுங்கினார்கள்.

இதை வைத்து ஓர் அட்டையை எப்படிக் குறுக்கினேன் என்று சொல்கிறேன். படத்தில் மேலே மின்கம்பி, நடுவே டிராம், பக்கத்தில் பழைய மணிக்கூண்டு, ஓரத்தில் வில்லோக்கள். டிராமுக்கு முன்னால் குதிரை இல்லை. எனவே காட்சி 1903-க்கும் 1921-க்கும் இடையில். முதுகைத் திருப்பினால் மூன்றில் ஒரு பங்கில் கோடு. அட்டை அச்சானது 1907-க்கும் 1918-க்கும் இடையில்; காட்சியின் பின் எல்லையும் 1918-க்கு இறங்கிவிடுகிறது. இதற்கு மேல் குறுக்க முடியவில்லை, விட்டுவிட்டேன். ‘மெய்ஜி காலத்து டோக்கியோ’ என்ற பழைய வரியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ தேவலை. பார்க்கப்போனால் அந்தப் படம் மெய்ஜி காலம்தானா, அடுத்து வந்த தைஷோ காலமா என்பதே உறுதியில்லை.

அசகுசாவுக்கு ஒரே கட்டடம் போதும்: ரியோவுன்காகு என்ற பன்னிரண்டு மாடிக் கோபுரம். வில்லியம் பர்ட்டன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் வடிவமைத்தது, 1890-இல் திறந்தது. எண்கோண வடிவம்; கீழே பத்து மாடி செங்கல், மேலே இரண்டு மாடி மரம். ஜப்பானின் முதல் மின்தூக்கி இதில்தான் ஓடியது. ஆபத்து என்று அடுத்த ஆண்டே நிறுத்திவிட்டார்கள். படியேறி வர ஆள் வேண்டுமே, அதற்காக 1891-இல் ஒகாவா கஸுமாசா எடுத்த நூறு கெய்ஷாக்களின் (விருந்துகளில் ஆடிப் பாடும் பெண்களின்) புகைப்படங்களை மாடிப்படி நெடுக மாட்டி, யார் அழகு என்று வாக்குப் போடச் சொன்னார்கள். 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்தில் கோபுரம் எட்டாவது மாடியருகே முறிந்தது. மிச்சத்தை ராணுவத்தின் பொறியியல் படை சில வாரங்களில் வெடி வைத்துத் தகர்த்தது. முழுக் கோபுரம் தெரிந்தால் 1890-க்கும் 1923-க்கும் இடைப்பட்ட காட்சி. பாதிக் கோபுரம் தெரிந்தால் அந்தச் சில வாரங்கள்தான். இவ்வளவு துல்லியமாகத் தேதி சொல்லும் கட்டடம் வேறெதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

ரயில் வருவதற்கு முன்பே வந்த ரயில்

மரக்கட்டை அச்சுப்படங்களில் தேதி ஒரு சின்ன முத்திரைக்குள் ஒளிந்திருக்கும். தணிக்கை அதிகாரி பார்த்து ஒப்புதல் கொடுத்ததற்கான முத்திரை அது. 1850-களின் தொடக்கத்திலிருந்து 1875 வரை இந்த முத்திரையில், அல்லது பக்கத்திலேயே இன்னொன்றில், ஆண்டும் மாதமும் இருக்கும். ஆண்டை எண்ணால் எழுதாமல் எலி, எருது, புலி என்று போகும் பன்னிரண்டு விலங்குகளில் ஒன்றின் குறியால் எழுதினார்கள். பன்னிரண்டு குறிகளை ஒரு தாளில் பெரிதாக அச்சிட்டுத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்து, உருவத்தை மட்டும் ஒப்பிட்டேன். படிப்பது என்று இதைச் சொல்ல முடியாது, வண்டிச் சின்னத்தைப் பார்த்து எந்த கம்பெனி என்று சொல்வதோடு சரி. ஒரே விலங்கு பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பது ஒன்றுதான் சிக்கல். குரங்கு என்றால் 1860 ஆகவும் இருக்கலாம், 1872 ஆகவும் இருக்கலாம். படத்தில் செங்கல் கட்டடமோ ரிக்ஷாவோ இருந்தால் 1860 அடிபட்டுப்போகும்.

1876-க்குப் பிறகு இன்னும் சுலபம். படத்தின் ஓரத்தில் ஆண்டு, மாதம், நாள், பதிப்பாளர் முகவரி எல்லாம் எழுதப்பட்டிருக்கும். ஒன்று முதல் பத்து வரையான எண்களையும், ‘மெய்ஜி’ என்பதற்கான இரண்டு எழுத்துகளையும் அடையாளம் தெரிந்தால் போதும். ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை அத்தனை படுக்கைக் கோடுகள். பத்து என்பது கூட்டல் குறி. மெய்ஜியின் முதல் எழுத்தில் இரண்டு ஏணிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுபோல இருக்கும். மெய்ஜி ஆண்டோடு 1867-ஐக் கூட்டினால் நம் ஆண்டு. தைஷோவுக்கு 1911, அதற்கடுத்த ஷோவா காலத்துக்கு 1925.

இந்த முத்திரைப் பழக்கம் கைவந்ததும் ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. ஷிம்பாஷி–யோகோஹாமா ரயில் முறையாகத் திறந்தது 1872 அக்டோபர் 14-இல். அதாவது குரங்கு ஆண்டு. ஆனால் ரயில் படங்களில் சிலவற்றின் முத்திரையில் குதிரை, ஆடு. அவை 1870, 1871. ரயில் ஓடத் தொடங்குவதற்கு ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பே புகை கக்கிக்கொண்டு ஓடும் ரயிலை அச்சிட்டு விற்றிருக்கிறார்கள். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துத்தான் வரைந்திருக்க வேண்டும். ஜப்பானியர் அதற்கு முன் ரயிலைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1854-இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரி இரண்டாம் முறை வந்தபோது கால் பங்கு அளவில் ஒரு ரயில் மாதிரியைப் பரிசாகக் கொண்டுவந்து, வட்டத் தண்டவாளத்தில் ஓட்டிக் காட்டினார். பெட்டிக்குள் நுழைய முடியாததால் அதிகாரி ஒருவர் கூரைமேல் உட்கார்ந்து சுற்றி வந்தார் என்று பயணக் குறிப்பில் இருக்கிறது.

சரி, பார்க்காமல் வரைந்தது என்று இந்தப் படங்களை ஒதுக்கிவிடலாமா? அங்கேதான் எனக்குத் தயக்கம் வந்தது. பல படங்களில் ரயில் கடலுக்கு நடுவே ஒரு கற்கரைமேல் போகும். இரண்டு பக்கமும் தண்ணீர், பாய்மரப் படகுகள். கற்பனை என்றே எண்ணத் தோன்றும். 2019-இல் தகனாவா கேட்வே நிலையத்தின் பக்கத்தில் கட்டுமானப் பணியின்போது அந்தக் கற்கரையே வெளியில் வந்தது. நிலம் கிடைக்காததால் உண்மையிலேயே ஆழமில்லாத கடலில் கரை போட்டுத்தான் பாதை அமைத்திருக்கிறார்கள். எஞ்சினை ஊகித்து வரைந்த ஓவியரும், கண்ணெதிரே வேலை நடந்துகொண்டிருந்த கரையைப் பார்த்து வரைந்திருக்கலாம். அதனால் ஒரே படத்துக்கு எக்செலில் இரண்டு குறிப்புகள் போட்டேன்: வண்டிக்கு ‘நம்ப வேண்டாம்’, கரைக்கு ‘நம்பலாம்’. அச்சுப்படங்களை மொத்தமாக நம்புவது, மொத்தமாகத் தள்ளுவது என்ற இரண்டும் வேலைக்கு ஆகாது. பொருள் பொருளாகப் பிரிக்க வேண்டும்.

புகைப்படத்தின் நம்பகம்

இதற்கு நேர்மாறாகப் புகைப்படங்களிடம் எனக்குச் சந்தேகம் வளர்ந்தது. யோகோஹாமாவில் இருந்த ஸ்டுடியோக்கள் வெளிநாட்டுப் பயணிகளுக்காகக் கையால் நிறம் தீட்டிய படங்களை விற்றன. கவசம் அணிந்த சாமுராய் படம் என்றால் நன்றாக ஓடும். வாள் அணிந்து வெளியே நடப்பதை 1876-இல் அரசு தடைசெய்துவிட்டது. 1880-களின் சாமுராய் படங்களில் நிற்பவர்கள் கூலிக்கு வேடம் போட்டவர்கள். குசகாபே கிம்பேயின் ஸ்டுடியோவில் எடுத்த ஒரு படத்தில் ஒரு பெண் கொட்டும் மழையிலும் காற்றிலும் குடையோடு தடுமாறுகிறாள், கிமோனோ பறக்கிறது. அந்தக் காலத்துக் கேமராவில் அசையும் துணியை அப்படிப் பிடிக்கவே முடியாது. துணியைக் கம்பியால் இழுத்துக் கட்டி, மழைக் கோடுகளைப் பிறகு கீறிய படம் அது. நெகட்டிவ்களும் கைமாறின. ஃபெலிசே பியாட்டோ 1863-இல் வந்து எடுத்த படங்கள் 1877-இல் ஸ்டில்ஃப்ரீட் கம்பெனிக்குப் போயின. ஆல்பத்தின் தேதியைப் படத்தின் தேதியாக எடுத்துக்கொண்டால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தவறிவிடும்.

இன்னொரு உதாரணம் பேரரசரே. மெய்ஜி பேரரசரை உச்சிதா குயிச்சி 1872-இல் அரசவைப் பழைய உடையிலும், 1873-இல் முடி வெட்டி மேற்கத்திய ராணுவச் சீருடையிலும் படம் எடுத்தார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே அந்த ஓராண்டில் அரசு எந்தப் பக்கம் திரும்பியது என்று புரிந்துவிடும். ஆனால் பள்ளிதோறும் மாட்டி மாணவர்களை வணங்கவைத்த 1888 படம் இருக்கிறதே, அது புகைப்படம்போலத் தெரியும் ஓவியம். இத்தாலியரான எதுவார்தோ கியோசோனே வரைந்ததை மருகி ரியோ புகைப்படமாக எடுத்தார். அன்று வணங்கியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

அஞ்சலட்டைகளில் இரவுக் காட்சிகளையும் இப்படித்தான் ஒதுக்க வேண்டியிருந்தது. பகலில் எடுத்த படத்துக்கு நீலம் பூசி, ஜன்னல்களில் மஞ்சள் தொட்டு, மேலே ஒரு நிலவையும் ஒட்டினால் இரவு தயார். ஒரே நெகட்டிவின் பகல் அட்டையும் இரவு அட்டையும் கிடைத்தால் இரண்டிலும் அதே ஆள் அதே காலை எடுத்து வைத்திருப்பார். அதனால் உண்மையான இரவு எப்படி இருந்தது என்பதற்கு நான் நாடியது கோபயாஷி கியோசிகாவை. 1876 முதல் 1881 வரை அவர் செய்த டோக்கியோ அச்சுப்படங்களில் எரிவாயு விளக்கின் ஒளி எதில் படுகிறது, எதில் படவில்லை, இருட்டு எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் தெரிகிறது. நிழலுருவமாக நிற்கும் மனிதர்கள், ஈரத் தரையில் விழும் ஒளிக்கோடு. விளக்குகள் வந்த புதிதில் நகரத்தின் பெரும்பகுதி இருட்டாகவே இருந்தது என்பதை இந்தப் படங்களைப் பார்த்துத்தான் உணர்ந்தேன். இந்த விஷயத்தில் என் வாக்கு புகைப்படத்துக்கு இல்லை, மரக்கட்டைக்கு.

உடையை எண்ணியது

தேதி போட்ட அட்டைகள் கொஞ்சம் சேர்ந்ததும், அவற்றிலிருந்து ஏதாவது தெரிகிறதா என்று பார்க்க உடைகளை எண்ணத் தொடங்கினேன். பெரிய அளவு ஸ்கேனைத் திறந்து, முன்னால் தெளிவாகத் தெரியும் ஆட்களை மட்டும் எடுத்து, தொப்பி, செருப்பு அல்லது ஷூ, மேலுடை, குடை என்று தனித்தனி நெடுவரிசையில் குறித்தேன். ‘மேற்கத்திய உடை’, ‘ஜப்பானிய உடை’ என்று இரண்டே பெட்டி வைத்தால் பாதிப் பேர் எதிலும் அடங்க மாட்டார்கள். கிமோனோவும் உருண்டையான மேற்கத்தியத் தொப்பியுமாக ஒருவர், மரச்செருப்பும் மேலே ஓவர்கோட்டுமாக இன்னொருவர். ஆண்களிடம் முதலில் தொப்பி வருகிறது, கோட்டும் கால்சட்டையும் பிறகுதான் வருகின்றன. பெண்கள் வரிசையில் ஏறக்குறைய எல்லாமே கிமோனோ.

இங்கே ஒரு குழப்பம். 1920-களின் விளம்பரங்களையும் பத்திரிகை அட்டைகளையும் பார்த்தால், குட்டை முடியும் குட்டைப் பாவாடையுமாக ‘நவீனப் பெண்’ எங்கும் நிற்கிறாள். சுகியுரா ஹிசுயி வரைந்த 1927 சுரங்க ரயில் சுவரொட்டியில், அதாவது உவேனோ–அசகுசா பாதைக்கானதில், மேற்கத்திய உடைப் பெண்கள் நடைமேடையின் முன்வரிசையிலேயே நிற்கிறார்கள். தெருவில் எடுத்த அட்டைகளில் அவர்களைக் காணோம். எது சரி?

தீர்த்துவைத்தவர் கோன் வாஜிரோ. வடிவமைப்பு படித்தவர், வசேதா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை கற்பித்தவர். நிலநடுக்கத்துக்குப் பிறகு மக்கள் தகரத்தாலும் பலகையாலும் கட்டிக்கொண்ட குடிசைகளை ஒவ்வொன்றாக வரைந்து பதிவு செய்துகொண்டிருந்தவர், 1925-இல் நண்பர்களோடு கின்ஸாவில் நின்று போகிறவர் வருகிறவர் உடைகளை எண்ணினார். முடிவைப் படங்களாகவே போட்டார்: ஓர் ஆண், ஒரு பெண், காலர் எப்படி, மீசை எப்படி, முடி எப்படி, பக்கத்தில் விழுக்காடு. எண்கள் மட்டும் தெரிந்தாலே படிக்கலாம் என்பதால் எனக்கென்றே செய்ததுபோல இருந்தது. ஆண்களில் 67 விழுக்காடு மேற்கத்திய உடை. பெண்களில் 1 விழுக்காடு. நாட்டிலேயே நாகரிகமான தெருவில் நிலவரம் அதுதான். சுவரொட்டிக்காரர்கள் வரைந்தது அந்த ஒரு விழுக்காட்டை, அல்லது அப்படி இருக்க ஆசைப்பட்டவர்களை.

இதன் பிறகு சுவரொட்டிகளுக்கு என் தாளில் தனிப் பக்கம். தெரு எப்படி இருந்தது என்பதற்கு அவற்றை எடுப்பதில்லை. கடைக்காரர்களும் ரயில் கம்பெனிகளும் மக்களை எதற்கு ஆசைப்பட வைத்தார்கள் என்ற கேள்விக்கு மட்டும்.

போனில் உள்ள மொழிபெயர்ப்பு

இடையில் ஒரு நடைமுறைக் குறிப்பு. பழைய அட்டைகளில் படத்தின் கீழே ஒரு வரித் தலைப்பு இருக்கும். போனில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலியைக் காட்டினால் உளறும். காரணம், போருக்கு முந்தைய கிடைமட்ட வரி வலமிருந்து இடமாகப் போகிறது. செயலி இடமிருந்து படிக்கிறது. படத்தை அப்படியே திருப்பினால் எழுத்தும் கண்ணாடிப் பிம்பமாகிவிடும், பயனில்லை. எழுத்துகளை ஒவ்வொன்றாக வெட்டி, வரிசையைத் தலைகீழாக்கி ஒட்டி, அந்தப் படத்தைக் காட்டுங்கள். இடப்பெயர்களாவது சரியாக வந்துவிடும். மரக்கட்டை அச்சுப்படங்களில் செதுக்கிய தொடரெழுத்துக்கு இது உதவாது.

நிலநடுக்க அட்டைகள்

1923 செப்டம்பர் 1, பகல் 11:58. மதியச் சமையலுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம். நில அதிர்வில் செத்தவர்களைவிடத் தீயில் செத்தவர்கள் பல மடங்கு. மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேல். ராணுவ உடைக் கிடங்கு இருந்த வெற்றிடத்தில் தஞ்சம் புகுந்தவர்களில் மட்டும் சுமார் 38,000 பேர் தீச்சுழலில் இறந்தார்கள்.

கொஞ்ச நாளிலேயே அட்டைகள் தெருவில் விற்பனைக்கு வந்துவிட்டன. என்னிடம் உள்ளவற்றைப் படம் வாரியாகப் பிரித்ததில், நிறம் தீட்டியவற்றில் தீயும் புகையும் தாராளமாக இருந்தன. அதே படத்தின் கறுப்பு வெள்ளைப் பதிப்பில் தீயே இல்லாத இடங்களும் இருந்தன. விற்பனைக்காகச் சேர்த்த தீ. பிணக் குவியல்களைக் காட்டும் அட்டைகளுக்கு அதிகாரிகள் தடை போட்டும் அவை கைமாறிக்கொண்டுதான் இருந்தன.

இந்த அட்டைகளை மட்டும் பார்த்து ஒருவர் அந்த செப்டம்பரை எழுதினால், கட்டடங்கள் விழுந்தன, மக்கள் இறந்தார்கள், ரயில் கூரைமேல் ஏறி ஊரை விட்டுப் போனார்கள், இளவரசர் வந்து பார்வையிட்டார் என்று எழுதுவார். கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்ற வதந்தி பரவியதும், ஊர்க்காவல் குழுக்களும் சில இடங்களில் போலீசும் ராணுவமும் ஆயிரக்கணக்கான கொரியர்களைக் கொன்றதும் விற்பனை அட்டைகளில் வராது. இரண்டு எல்லைத் தேதிகளைக் கச்சிதமாகப் போட்டுவிட்டோம் என்ற திருப்தியில் இருந்தபோது இது உறைத்தது. எதை அச்சிட விடவில்லையோ அதற்கு முத்திரையும் இல்லை, முதுகும் இல்லை. எனவே அந்த மாதத்தில் ‘படம் இல்லை’ என்று ஒரு வரிசையைச் சேர்த்து, நடந்ததை மட்டும் எழுதி வைத்தேன்.

பிறகு டகேஹிசா யுமேஜியின் படம் கிடைத்தது. மெல்லிய உடல், சோகக் கண் உள்ள பெண்களை வரைந்து புகழ்பெற்றவர். பேரிடருக்குப் பிறகு நகரைச் சுற்றி, மியாகோ நாளிதழில் செப்டம்பரிலேயே படமும் குறிப்புமாகத் தொடர் ஒன்று வெளியிட்டார். அதில் ஒரு படத்தில் சிறுவர்கள் கம்புகளோடு விளையாடுகிறார்கள். இடிபாட்டுக்கு நடுவிலும் பிள்ளைகள் விளையாடுகிறார்களே என்று நெகிழ்ந்து அடுத்த படத்துக்குப் போய்விடுவோம். ஆங்கிலத்தில் வந்த விளக்கத்தைப் படித்தால்தான் தெரியும், அவர்கள் ஆடுவது ஊர்க்காவல் குழு விளையாட்டு. உன் முகம் ஜப்பானியன் மாதிரி இல்லை என்று சொல்லி ஒரு பையனை எதிரியாக்குகிறார்கள். அவன் மாட்டேன் என்கிறான். குறிப்பின் முடிவில், பிள்ளைகளே இந்த விளையாட்டை விட்டுவிடுங்கள் என்கிறார் யுமேஜி. கொலையை நேரே எழுத முடியாத வாரங்களில் ஒரு நாளிதழில் இது வந்திருக்கிறது.

தேதி போடும் என் முறைகள் எதுவும் இந்தப் படத்தைத் திறக்கவில்லை. நாளிதழ் என்பதால் தேதி ஏற்கெனவே இருக்கிறது. மீதி எல்லாம் எழுத்தில்தான். 1894–95 சீனப் போரின் மூன்று தாள் அச்சுப்படங்களும் இப்படித்தான். 2006-இல் எம்ஐடி தளத்தில் சீனக் கைதிகளின் தலையை வெட்டும் படம் விளக்கத்தை விட்டுத் தனியாக முன்னால் வந்தபோது சீன மாணவர்கள் கொதித்தார்கள். தளத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு, கூடுதல் விளக்கங்களோடு திரும்பப் போட வேண்டியதாயிற்று.

அதனால் எக்செலில் கடைசியாக ஒரு நெடுவரிசை: ‘ஆள் வேண்டும்’. யுமேஜியின் தொடர், போர் அச்சுப்படங்களின் ஓரத்து உரைகள், 1874-இல் தொடங்கிய நிறப்பட நாளிதழ்களின் செய்திப் பத்திகள் எல்லாம் அதில் போகின்றன. ஜப்பானிய மொழி படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் கிடைத்திருக்கிறார். அவர் நேரம் கொடுக்கும்போது இந்த வரிசைகளை மட்டும் முன்னால் வைக்கிறேன். டிராம், மணிக்கூண்டு, அட்டை முதுகு என்று அவர் பொழுதை வீணாக்குவதில்லை.